வீட்டில் ஓதிய பிள்ளைகள்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயை முன்னிட்டுப் பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் ஒருங்கே மூடப்பட்டன. அப்போது என் மகள் தன் இரு பிள்ளைகளுடன் எங்கள் இல்லத்தில் இருந்தாள். மருமகன் வளைகுடா நாட்டில் இருந்தார். விமானங்கள் நின்றுபோனமையால் அவர் வர வழியில்லை. பேரனுக்கு ஆறு வயது நிறைந்திருந்தது, பேத்திக்கு நான்கு. விடுமுறை என்று எண்ணிப் பிள்ளைகள் முதலில் களித்திருந்தனர். ரமலான் பிறந்தது, பெருநாளும் கழிந்தது, பள்ளி திறக்கும் நாள் மட்டும் தெரியவில்லை. ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின் மகள் என் முன் வந்து நின்று, “அத்தா, இனிமே நாமதான் இதுகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும் போல இருக்கு. எங்கேயிருந்து தொடங்குறதுன்னு சொல்லுங்க” என்று கேட்டாள்.

ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் அரபி மதரஸாவில் ஓதிக்கொடுத்தவன் நான். அக்கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இருந்தது. “என்னிடம் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். மூன்று வாரங்கள் கழித்து அதே மகள், “அத்தா, கொஞ்ச நாளைக்கு நீங்க அவனுக்கு ஓதிக்கொடுக்க வேணாம்” என்று சொல்ல நேர்ந்தது. அந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் நடந்ததையும், அதன் பின்னர் நான் பழைய கித்தாபுகளைப் புதிய கண்ணோடு புரட்டிக் கண்டதையும் ஈண்டு எழுத விழைகிறேன்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவது மேனாட்டார் அண்மையில் கண்டுபிடித்த முறை என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இஸ்லாமிய வரலாற்றேடுகளைப் பயின்றோர் அவ்வாறு கருதமாட்டார். மக்தபும் மதரஸாவும் செழித்திருந்த காலத்திலேயே, அவற்றுக்குப் பக்கத்தில், வீட்டுக் கல்வி என்றொரு ஓடை ஓசையின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓசையின்றி ஓடியதால்தான் அதனைப் பற்றி எழுதியோர் குறைவு.

எழுதியோருள் முதலில் நினைவிற்கு வருபவர் உந்துலுஸ் நாட்டுப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 384 (கி.பி. 994)-இல் குர்துபா நகரில் பிறந்தவர். தந்தையார் அஹ்மது, அந்நாட்டின் ஆட்சிக் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்த அல்மன்ஸூரிடம் அமைச்சராக விளங்கியவர். பிற்காலத்தில் ஃபிக்ஹுக் கலையில் தனி வழி நின்று, எதிர்ப்போரைத் தம் எழுத்தால் கலங்கடித்த இப்னு ஹஸ்முக்கு அலிஃபும் பேயும் கற்பித்தவர் யார்? தாடி நரைத்த உஸ்தாத் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் நாம் ஏமாந்து போவோம். அவருக்குக் கற்பித்தவர்கள் அவருடைய தந்தையின் மாளிகையில் வாழ்ந்த பெண்கள். இதனை அவரே ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலில் எழுதியிருக்கிறார். பெண்களின் மடியில் வளர்ந்ததாகவும், முகத்தில் மீசை அரும்பும் வயது வரை அவர்களையன்றி வேறெவருடனும் பழகியதில்லை என்றும், குர்ஆனை ஓதக் கற்பித்ததும், கவிதைகள் பலவற்றைச் சொல்லிக் கொடுத்ததும், கையெழுத்தைப் பழக்கியதும் அவர்களே என்றும் அவர் கூறுவதைப் படிக்கும்போது, அந்த அந்தப்புரம் ஒரு முழுமையான தொடக்கப் பள்ளியாக நம் கண்முன் தோன்றுகிறது.

இந்நூலின் கையெழுத்துப் பிரதி உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. ஹிஜ்ரி 738-இல் பெயர்த்தெழுதப்பட்ட அப்பிரதி ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காக்கப்படுகிறது. 1914-இல்தான் அது முதன்முதலாக அச்சேறிற்று. நூலின் பொருள் காதல். ஆகவே நம் மதரஸாக்களில் எவரும் அதனை ஓதிக்கொடுப்பதில்லை. நானும் நாற்பது வயதுக்குப் பின்னரே, அதுவும் வேறொரு குறிப்பைத் தேடப் போய், அதனைப் படித்தேன். காதலைப் பற்றி எழுத அமர்ந்த ஒருவர், தம் கல்வியின் தொடக்கத்தைப் பற்றிய இச்செய்தியை இடையே சொல்லிச் சென்றிராவிடில், அது நமக்குக் கிடைத்தே இராது.

அவர் அதனை எழுதிய சூழ்நிலையும் எண்ணத்தக்கது. ஹிஜ்ரி 399-இல் குர்துபாவில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 402-இல் தந்தையார் மறைந்தார். 404-இல் இப்னு ஹஸ்ம் ஊரை விட்டே வெளியேறினார். அவர் வாழ்ந்த வீடு சூறையாடப்பட்டுப் பாழ்மனையாயிற்று. அவ்வீட்டின் நிலையைக் கேள்வியுற்று அவர் வருந்தி எழுதிய பகுதியும் அதே நூலில் உண்டு. ஷாத்திபா நகரில் அகதியாய் இருந்துகொண்டு, முப்பது வயதுகூட நிறையாத அந்த இளைஞர், இடிந்துபோன வீட்டையும் அதில் தமக்கு எழுதக் கற்பித்த பெண்களையும் நினைவு கூர்ந்தார். ஆயினும் ஒன்று: அப்பெண்களில் இன்னார் எனக்குக் குர்ஆன் கற்பித்தார், இன்னார் எழுத்துக் கற்பித்தார் என்று பெயர் சுட்டவில்லை. ஹதீஸ் கற்ற ஆசிரியர்களின் பெயர்களைத் தந்தை பெயரோடும் பாட்டனார் பெயரோடும் சேர்த்து எழுதும் மரபில் வந்தவர் அவர் என்பதை நினைக்கையில், இந்த மௌனம் சற்று உறுத்தவே செய்கிறது.

இப்னு ஹஸ்மின் வீட்டுக் கல்வியைக் குறைகூறுவோர் ஒரு கதையை எடுத்துக்காட்டுவதுண்டு. அவர் இருபத்தாறு வயதில் ஒரு ஜனாஸாவுக்காகப் பள்ளிவாசலில் நுழைந்து, காணிக்கைத் தொழுகை தொழாமல் உட்கார்ந்துவிட்டாராம், ஒருவர் கண்டித்தாராம், அந்த வெட்கத்தில்தான் ஃபிக்ஹு கற்கத் தொடங்கினாராம். அந்தப்புரத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிவாசல் ஒழுக்கம் தெரியாமற் போயிற்று என்பது கதையின் உட்கருத்து. ஆனால் ஹிஜ்ரி 401-இல் மறைந்த இப்னுல் ஜஸூர் என்னும் ஹதீஸ் அறிஞரிடம் அவர் பாடம் கேட்டிருக்கிறார். பதினாறு வயதுக்குள் ஹதீஸ் அவைக்குச் சென்று வந்த ஒருவருக்கு இருபத்தாறு வயதில் அத்தொழுகை தெரியாது என்பதை நான் நம்பத் தயங்குகிறேன். வீட்டில் கற்றவன் அரைகுறையாகத்தான் கற்றிருப்பான் என்னும் எண்ணம் அக்காலத்திலும் இருந்தது என்பதற்கு வேண்டுமானால் அக்கதை சான்றாகலாம்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், காலையுணவுக்குப் பின் இரண்டு மணி நேரம், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் என்று பேரனுக்கு நான் அட்டவணை வகுத்தேன். மதரஸா மணியின் பழக்கம் எனக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு நான்கு மணி நேரம் மிகுதி என்பது அப்போது தோன்றவில்லை. கூடத்தில் பாய் விரித்து அமர்வோம். பேத்தி வந்து கித்தாபின் மேலேயே உட்காருவாள். அடுக்களையில் குக்கர் கூவும். பள்ளிக்கூடத்தார் கைப்பேசியில் அனுப்பும் பாடத்தை எழுதச் சொல்லி மகள் நடுவே அழைப்பாள். பேரனின் கண் ஜன்னலில் இருக்கும். நான் பலகையில் தட்டுவேன், பிறகு அதட்டுவேன், ஒருநாள் அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடித்தேன். மறுநாளும் அடித்தேன்.

நான்காம் நாள் காலை அவனுக்கு வயிற்றுவலி வந்தது. ஐந்தாம் நாளும் வந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். பாடநேரம் கழிந்ததும் வலி நீங்கி அவன் முற்றத்தில் ஓடினான். ஆறாம் நாள் என் மனைவி என்னைத் தனியே அழைத்து, “அவனுக்கு வயிறு வலிக்கலீங்க. உங்களுக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்றான்” என்றாள். அதுவரை அப்பிள்ளை பொய் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

எனக்கு அன்று உறக்கம் வரவில்லை. காரணம், அந்த நிகழ்ச்சியை நான் முன்னமே படித்திருந்தேன். படித்ததோடன்றி, ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமும் நடத்தியிருந்தேன். வரலாற்று மாமேதை இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377)-இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு விளைக்கும் என்று ஒரு தனிப் பகுதியே உள்ளது. அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கிப் போகும், ஊக்கம் அழியும், சோம்பல் வரும், தன்மேல் கை நீளுமே என்ற அச்சத்தால் உள்ளொன்றும் புறமொன்றுமாகப் பேசப் பழகும், பொய்யும் சூழ்ச்சியும் நாளடைவில் அதன் குணமாகிவிடும் என்பது அப்பகுதியின் சாரம். தனி மனிதர்க்கு மட்டுமன்றி, அடக்கி ஆளப்பட்ட சமுதாயங்களுக்கும் இதே கதிதான் என்று அவர் நீட்டிச் சொல்வார். அந்தப் பகுதியை ஆட்சியியல் பற்றியதாகவே நான் பல காலம் விளக்கி வந்தேன். அது என் வீட்டுக் கூடத்தைப் பற்றியது என்பது ஓமத்தண்ணீர் கொடுத்த பிறகே எனக்குப் புரிந்தது.

அவர் அங்கே கைரவான் நகரத்து மாலிக்கி அறிஞர் இப்னு அபீ ஸைது (மறைவு ஹிஜ்ரி 386) அவர்களின் சட்டத்தை நினைவூட்டுகிறார்: அடிக்க நேர்ந்தாலும் மூன்றுக்கு மேற்படலாகாது. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனுக்கு ஆசிரியராக அமர்ந்த அஹ்மருக்குச் செய்த உபதேசத்தையும் எடுத்துக்காட்டுகிறார். ஒரு நொடியும் பயனின்றிக் கழியலாகாது, ஆனால் பிள்ளையின் மனத்தை வருத்தி அதன் கூர்மையைக் கொன்றுவிடவும் கூடாது. முதலில் நெருக்கமும் மென்மையும், அவை பலிக்காதபோதே கண்டிப்பு என்பது அதன் போக்கு. அரசகுமாரனுக்குச் சொன்னது என்று நான் ஒதுக்கியிருந்தேன். எல்லாப் பிள்ளையும் தன் வீட்டில் அரசகுமாரன்தானே.

கைரவானைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொரு சிறு நூலைச் சொல்லாமல் இருக்கமுடியாது. இன்று துனீஸியாவில் உள்ள அந்நகரில், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே, ஆசிரியர்களுக்கென்று ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ என்னும் ஒழுக்க நூல் இயற்றப்பட்டது. இயற்றியவர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (மறைவு ஹிஜ்ரி 256, கி.பி. 870). மாலிக்கி மத்ஹபின் பேரேடாகிய ‘முதவ்வனா’வைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் அருமை மகனார். பிள்ளையின் முகத்திலும் தலையிலும் அடிக்கலாகாது. வீட்டார் உணவுக்கு அழைத்தால் தடுத்து நிறுத்தலாகாது. பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவலாகாது. ஏழை வீட்டுப் பிள்ளையையும் செல்வர் வீட்டுப் பிள்ளையையும் சமமாக நடத்தவேண்டும் என்றெல்லாம் அந்நூல் நுணுக்கமாகச் சட்டம் சொல்கிறது. எழுதிய பலகையைக் கழுவுவதற்குக்கூட ஒழுங்கு உண்டு. முதல் நான்கு கலீஃபாக்களின் காலத்துப் பிள்ளைகள் எவ்வாறு கழுவினர் என்பதை அனஸ் (ரலி) வாயிலாக அந்நூல் அறிவிக்கிறது: ஒவ்வொரு பிள்ளையும் முறைவைத்துத் தூய நீர் கொண்டு வரும், அந்நீரில் பலகைகளைக் கழுவுவார்கள், கழுவிய நீரை நிலத்தில் குழி தோண்டி ஊற்றிவிடுவார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது என் நன்னியின் நினைவு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இமாம் ஸஹ்னூன் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பியபோது ஆசிரியரிடம் சொன்ன சொல்லும் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இவனைப் புகழ்ச்சியாலும் இனிய சொல்லாலும் மட்டுமே திருத்துங்கள், அடியும் வசையும் இவனுக்கு ஒத்துவராது என்றாராம். ஆசிரியர்க்கு ஒழுக்க நூல் எழுதிய மகன், அப்படிக் கேட்டு வாங்கிய மென்மையில் வளர்ந்தவர்!

அந்நாட்டிலேயே ஈஸா இப்னு மிஸ்கீன் என்றொரு காழி இருந்தார். பகலெல்லாம் மாணவர்க்குப் பாடம் சொல்வார். அஸர் தொழுத பின் தம் புதல்வியரையும், சகோதரரின் புதல்வியரையும், பேத்தியரையும் அழைத்து அமர்த்திக் குர்ஆனும் கல்வியும் கற்பிப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒரு நாட்டின் நீதிபதிக்கு அஸருக்குப் பின் ஒரு நேரம் கிடைத்திருக்கிறது. எனக்கு என் மகளைச் சிறு வயதில் அமர்த்திக் கற்பிக்க நேரம் கிடைத்ததில்லை. பிறர் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக் களைத்து வருவேன். அவளை அடுத்த தெருவில் ஓதவைத்தோம். இது குற்றமா என்று கேட்டால், நம் ஊர் ஆலிம்களில் பெரும்பாலோர் நிலை அதுதான் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

மகள் என்னை ஒதுக்கிய பின் தானே பாடத்தை நடத்தினாள். எதிலிருந்து தொடங்குவது என்னும் வழக்கு அப்போதுதான் வீட்டில் முற்றியது. என் மனைவிக்கு அம்ம ஜுஸ்வு முதலில் முடியவேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மகளோ, தமிழ் எழுத்து நன்றாக வாசிக்க வந்துவிட்டால் பிள்ளை தானே படிக்கத் தொடங்குவான், ஓதல் அன்றாடம் சிறிது சிறிதாக நடக்கட்டும் என்றாள். இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டனர். இந்த வழக்கும் பழையதே.

இப்னு கல்தூன் தம் காலத்து நாடுகளின் தொடக்கக் கல்வியை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மக்ரிப் நாட்டார் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அது முடியும் வரை ஹதீஸோ ஃபிக்ஹோ கவிதையோ கிடையாது. உந்துலுஸ் நாட்டார் குர்ஆனை அடிப்படையாகக் கொண்டு, கூடவே கவிதை, கடிதம் எழுதுதல், இலக்கணம் ஆகியவற்றைக் கற்பித்தனர். எல்லாவற்றினும் மேலாகக் கையெழுத்தில் கருத்துச் செலுத்தினர். இப்னு ஹஸ்மின் வீட்டுப் பெண்கள் குர்ஆன், கவிதை, கையெழுத்து என மூன்றையும் கற்பித்தது இந்த நாட்டு வழக்கத்தையொட்டியே என்பது இங்கே விளங்கும். இஃப்ரீக்கிய்யா நாட்டார் குர்ஆனோடு ஹதீஸைச் சேர்த்தனர். கிழக்கு நாட்டார் பாடங்களைக் கலந்து கற்பித்தனர். ஆனால் எழுத்துக்கலைக்குத் தனி ஆசிரியரிடம் அனுப்பினர். குர்ஆன் ஒன்றையே கற்ற மக்ரிப் பிள்ளைகளுக்கு மொழியைக் கையாளும் ஆற்றல் குறைந்திருந்தது என்பதை அவர் மறைக்காமல் சொல்கிறார்.

இவருக்கு முன்னரே இஷ்பீலிய்யா நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ஹிஜ்ரி 468–543) துணிச்சலாக ஒரு யோசனை கூறியிருந்தார். முதலில் மொழியும் கவிதையும், பின்னர் கணக்கு, அதன் பிறகு குர்ஆன். அப்போது பிள்ளைக்கு வேதம் விளங்கும், ஓதுவதும் எளிதாகும் என்பது அவர் வாதம். மிக நல்ல முறை என்று இப்னு கல்தூன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஊர் வழக்கம் அதற்கு இடங்கொடாது என்கிறார். ஏன்? அவர் தரும் காரணத்தில் ஒரு தந்தையின் நெஞ்சு துடிப்பதைக் கேட்கலாம். பிள்ளை சிறியவனாய் நம் சொல்லுக்கு அடங்கியிருக்கும் காலம் குறுகியது. வாலிபம் வந்தால் எந்தக் கரைக்கு ஒதுங்குவானோ தெரியாது. ஆகவே கையில் இருக்கும்போதே குர்ஆனை ஊட்டிவிட வேண்டும் என்று பெற்றோர் பதறுகின்றனர். கடைசிவரை படிப்பான் என்ற உறுதி மட்டும் இருக்குமாயின் காழியின் முறையே சிறந்தது என்று அவர் முடிக்கிறார்.

இதனை நான் எடுத்துச் சொன்னபோது என் மனைவி, “பார்த்தியா, நான் சொன்னதைத்தான் அவுங்களும் சொல்லியிருக்காங்க” என்றாள். மகள், “அவுங்க அதை நல்ல முறைன்னு சொல்லலையே, பயம்னுல்ல சொல்லியிருக்காங்க” என்றாள். என் மகள் மதரஸாவில் ஓதியவள் அல்லள். ஆனால் அந்தப் பகுதியை அவ்வளவு சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை. முடிவில் உந்துலுஸ் நாட்டார் வழக்கமே எங்கள் வீட்டிலும் நிலைத்தது.

அவள் நடத்திய பாடத்தைத் திண்ணையிலிருந்து கவனித்து வந்தேன். ஃபஜ்ருக்குப் பின் கால் மணி நேரம் ஓதல்; அவ்வளவுதான். பேரன் ஓதுவதைக் கேட்டுக்கேட்டே, எழுத்தறியாத பேத்தி சிறு சூராக்கள் சிலவற்றை மனனம் செய்துவிட்டாள். தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கும் உரிமை பேரனுக்கு. அதில் உள்ள தேதியை ஹிஜ்ரி தேதியோடு சேர்த்து வாசித்த பிறகே கிழிக்கலாம். அஞ்சறைப் பெட்டியின் மூடியில் மிளகு, சீரகம், வெந்தயம் என்று எழுதி ஒட்டி, சமைக்கும்போது “அந்த வெந்தயத்தை எடு” என்பாள். பேரீச்சம்பழம் பங்கிடுவதில் கணக்கு நடந்தது. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு விளையாட்டு.

விளையாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு முதலில் மனம் பொறுக்கவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கூறும் பகுதியில், மக்தபிலிருந்து வந்த பிள்ளையை, பாடத்தின் களைப்புத் தீர, நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் அமுக்கினால் அதன் உள்ளம் மரிக்கும், அறிவு மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்தே தப்பிக்கத் தந்திரம் தேடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தந்திரம் என்ற சொல்லைக் கண்டதும் மீண்டும் அந்த ஓமத்தண்ணீர்தான் என் நினைவுக்கு வந்தது. வறுமையில் தந்தையை இழந்து, தந்தையின் நண்பர் ஒருவரின் பராமரிப்பில் வளர்ந்து, அவரிடம் இருந்த பொருள் தீர்ந்ததும் உணவுக்காகவே மதரஸாவில் சேர நேர்ந்தவர் இமாம் அவர்கள். விளையாட்டின் அருமை அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இப்னு ஹஸ்மின் வீடு அமைச்சர் வீடு. அங்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்த பெண் உலை வைக்கப் போகவேண்டியதில்லை. என் மகளோ ஒரு கையால் அரிசி களைந்துகொண்டே மறு கையால் எழுத்தைத் திருத்தினாள். பேத்திக்குக் காய்ச்சல் கண்ட வாரம் பாடமே நடக்கவில்லை. சில இரவுகளில், “ஒண்ணும் உருப்படியா நடக்கலைத்தா” என்று கண்கலங்கினாள். பாடம் நடக்கும்போது பானையைப் பார்த்துக்கொண்டது யார் என்று எந்தக் கித்தாபிலும் எழுதப்படவில்லை. எங்கள் வீட்டில் அது என் மனைவியின் தலையில் விழுந்தது. பிறகு பேத்தியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வேலை எனக்கு ஒதுக்கப்பட்டது.

பெண்கள் கற்ற கல்வியைப் பற்றி வரலாறு முற்றிலும் வாய்மூடி இருந்ததில்லை. ஸமர்க்கந்தைச் சேர்ந்த ஃபகீஹு அலாவுத்தீன் தம் மகள் ஃபாத்திமாவுக்குத் தாமே ஃபிக்ஹு கற்பித்தார். அவருடைய வீட்டிலிருந்து வெளியான ஃபத்வாக்களில் தந்தையின் கையெழுத்தோடு மகளின் கையெழுத்தும் இருந்தது. அவர் இமாம் காஸானியை மணந்த பின் மூவர் கையெழுத்தும் இருந்தது என்பர். இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ஹிஜ்ரி 773–852) நான்கு வயதில் தந்தையை இழந்தவர்; தம்மைவிட மூன்று வயதே மூத்த தமக்கை ஸித்துர் ரக்பை, தாய்க்குப் பின் தமக்குத் தாயாக இருந்தவர் என்று நன்றியுடன் பதிந்திருக்கிறார். ஹஜ் பயணத்தின் வழியில் பிறந்ததால் பெற்ற பெயர் அது. எழுதவும் படிக்கவும் அறிந்த, கூரிய அறிவுடைய அந்த அம்மையார் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். பெயர் கிடைத்தவர்கள் இவர்கள். புகழ்பெற்ற தந்தையோ கணவரோ தம்பியோ இருந்ததால் கிடைத்தது.

நம் தமிழகத்து முஸ்லிம் வீடுகளில் இத்தகைய பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தனர். தமிழ் எழுத்து அறியாதவர்கள்கூட அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் சரளமாக வாசிப்பார்கள். கடிதம் எழுதுவார்கள். என் நன்னி அவ்வாறானவர். அவர் கையில் இருந்த அரபுத்தமிழ் நூல்களுள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிப் (1816–1898) அவர்களின் ‘மகானி’யும் ஒன்று. பகல் உணவுக்குப் பின் எங்கள் வீட்டு முற்றத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவர். அலிபு ஜபர் அ, அலிபு ஜேர் இ என்று நன்னி ராகமாகச் சொல்ல, நாங்கள் பின்னால் சொல்வோம். மரப்பலகையில் அவர் எழுதிக் கொடுப்பார். ஓதி முடிந்ததும் பலகையைக் கழுவி, அந்த நீரை மாதுளஞ்செடியின் அடியில் குழி பறித்து ஊற்றச் சொல்வார். கால் படும் இடத்தில் சிந்தினால் கோபம் வரும். அவர் கோபித்து நான் பார்த்தது அதற்கு மட்டுந்தான். கைரவான் நூலில் அனஸ் (ரலி) அவர்களின் செய்தியைப் படித்தபோது என் கை நின்றது அதனால்தான். அந்நூலை நன்னி கண்டிருக்க வழியே இல்லை. அவருக்கு ஓதிக்கொடுத்தவரிடம் அவர் கண்டிருப்பார்; அவர் தமக்கு முந்தியவரிடம் கண்டிருப்பார்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தில் சிறு வகுப்புகள் மீண்டும் திறந்தன. பேரன் பள்ளிக்குச் சென்றான். அவனுக்கு வயிற்றுவலிச் சம்பவம் நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. பள்ளி திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின், “நன்னா, இன்னைக்கு நீங்க ஓதிக் கொடுங்க” என்று அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் ஓதினோம். அடிமட்டம் எங்கே போயிற்று என்று தெரியாது. என் மனைவி அதை எங்கோ எடுத்து வைத்துவிட்டாள்.

நான் ஸனது பெற்ற ஆண்டில் வாங்கிய ஒரு குறிப்பேட்டின் முதற் பக்கத்தில், எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு பெயர்கள். ஒவ்வொருவர்க்கும் எதிரே அவரிடம் எந்தக் கித்தாபை ஓதினேன் என்ற குறிப்பும் உண்டு. அதில் நன்னியின் பெயர் இல்லை. இல்லை என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவும் இல்லை. முதல் பெயருக்கு மேலே இருந்த சிறிய இடைவெளியில், எழுத்தை ஒடுக்கி, அவர் பெயரை எழுதினேன். எதிரே ‘அலிபு, பே’ என்று குறித்தேன். அவருக்கு ஓதிக்கொடுத்தவர் யார் என்று என் தாயாரிடம் கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு மூத்த பெண்மணி என்பது மட்டும் அவர்களுக்கு நினைவிருந்தது; பெயர் நினைவில் இல்லை.